துருப்பிடித்த சாவிக்கொத்து

கடலோர ஊர் ஒன்றில் 26 வருடங்களாக வீடு, மனை வாங்கி விற்றுக் கொடுக்கும் தரகர் ஒருவர் வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.

கேள்வி: தொழிலுக்கு வந்து ஆறு மாதம் ஆகிறது சார். நாற்பது வீடு காட்டியிருப்பேன், ஒன்றுகூட முடியவில்லை. போன வாரம் ஒரு குடும்பத்தைக் கூட்டிப்போனேன், பூட்டே திறக்கவில்லை. பதினைந்து நிமிடம் அவர்கள் முன்னால் வியர்த்து நின்றேன். உங்கள் நாள் எப்படிப் போகும் என்று சொல்லுங்களேன்.
(புதுத் தரகர்)

பதில்: பூட்டிலிருந்தே ஆரம்பிப்போம் தம்பி. என் தோள்பையில் இன்றைக்கு முப்பத்தொரு சாவி இருக்கிறது. பித்தளைச் சாவியெல்லாம் பச்சை பூத்தது, இரும்புச் சாவியெல்லாம் துரு. கடலோரப் பூட்டு ஒரு மாதம் சும்மா கிடந்தால் உள்ளே உப்பு இறுகிவிடும். எண்ணெய் விடாதீர்கள். விட்டால் அன்றைக்குத் திறக்கும். அடுத்த வாரம் காற்றில் வருகிற பொடிமணல் அதில் ஒட்டிச் சேறாகிவிடும். மென்மையான பென்சில் முனையைச் சாவியின் பற்களில் நன்றாகத் தேய்த்து, உள்ளே விட்டு நாலு தடவை இழுத்துப் பாருங்கள். நிரந்தர மருந்து இல்லை, அவசரத்துக்கு ஆகும். முரண்டு பிடிக்கிற பூட்டின் சாவிக்கு நான் சிவப்பு நூல் கட்டி வைத்திருக்கிறேன். சிவப்பு நூல் வீடு என்றால் பார்ட்டி வருவதற்கு அரை மணி முன்னாலேயே போய் நின்றுவிடுவேன்.

என் நாள் காலை ஆறரைக்குத் தொடங்கும். முதல் இரண்டு மணி நேரம் விற்பனையே கிடையாது. காலியாகக் கிடக்கிற வீடுகளைத் திறந்து ஜன்னல்களை விரியப் போடுவது, எல்லாக் குழாயையும் ஒரு நிமிடம் ஓடவிடுவது, கழிப்பறையில் தண்ணீர் ஊற்றுவது. குழாய்க்கு அடியிலே வளைவில் நிற்கிற தண்ணீர் வற்றிப்போனால் சாக்கடை வாடை நேரே கூடத்துக்கு வந்துவிடும். வாங்க வருகிறவர் 'கட்டடம் சரியில்லை போல' என்று நினைத்துக்கொண்டு வெளியே போய்விடுவார். ஒரு குவளைத் தண்ணீரில் தீருகிற விஷயத்துக்கு ஒரு விற்பனை போயிருக்கும். வாசல்படிக்கு அடியில் மணல் வரி போட்டிருக்கிறதா என்றும் பார்ப்பேன். மணல் எந்தப் பக்கம் ஒதுங்கியிருக்கிறதோ அந்தப் பக்கக் கதவுக்குத்தான் முதலில் பழுது வரும்.

வெளியூரில் இருக்கிற சொந்தக்காரர்களுக்கு இந்தக் காலைச் சுற்றே பெரிய உபகாரம். எனக்கு வந்த நல்ல வீடுகளில் பாதி, 'அவன் நம் வீட்டு ஜன்னலைத் திறந்துவைக்கிறவன்' என்ற பெயரால் வந்தவை.

நாற்பது வீடு காட்டியது பெரிதில்லை. திரும்பிப் போகும்போது கேட்டருகே நின்று அவர்கள் என்ன சொன்னார்கள் என்று எழுதி வைத்தீர்களா? உள்ளே இருக்கும்வரை எல்லாரும் மரியாதைக்குப் பேசுவார்கள். கேட்டைத் தாண்டும்போது அம்மாவோ பிள்ளையோ ஒரு வாக்கியம் சொல்வார்கள். 'அந்த அறையில் காற்றே இல்லை', 'தாத்தாவால் இந்தப் படி ஏற முடியாது' என்று. அதை அன்றே நோட்டில் எழுதுங்கள். நாற்பது வாக்கியம் சேர்ந்தால் நாற்பத்தொன்றாவது வீட்டை யாருக்குக் காட்டுவது என்று தெரிந்துவிடும்.

கேள்வி: விடுமுறைக்குக் கடலோர ஊர் ஒன்றுக்குப் போயிருந்தோம். மாலையில் ஒரு வீடு காட்டினார்கள். முன்னறையிலிருந்தே கடல் தெரிந்தது. என் கணவர் அங்கேயே டோக்கன் கொடுத்துவிடலாம் என்கிறார். எனக்கு ஏனோ மனது தயங்குகிறது.
(குடும்பத் தலைவி)

பதில்: உங்கள் தயக்கத்துக்குக் காரணம் இருக்கிறது. மாலை ஐந்தரைக்கு உங்களை அழைத்துப்போனது தற்செயலில்லை. நானும் அதே நேரத்துக்குத்தான் அழைத்துப்போவேன். வெயில் தணிந்திருக்கும், காற்று கடலிலிருந்து வீசும், வெளிச்சம் பழுப்புச் சுவரைக்கூடத் தங்கமாக்கிவிடும். அந்த நேரத்தில் சுமாரான வீடுகூட அழகாகத்தான் தெரியும்.

ஆனால் அதோடு நான் விடுவதில்லை. டோக்கன் வாங்குவதற்கு முன்னால் இன்னும் இரண்டு தடவை வரச் சொல்வேன். ஒருமுறை நடுமத்தியானம். கடலில் பட்டு வருகிற கண்கூச்சம் அறைக்குள் எவ்வளவு தூரம் வருகிறது என்று அப்போதுதான் தெரியும். இன்னொரு முறை அமாவாசையிலோ பௌர்ணமியிலோ, அல்லது அதை ஒட்டிய ஓரிரு நாளிலோ, கடல் ஏற்ற நேரத்தில். சூரியனும் சந்திரனும் ஒரே கோட்டில் நின்று இழுப்பதால் அந்த நாட்களில்தான் ஏற்றம் அதிகம். பெரும்பாலான கரைகளில் ஏறத்தாழ 12 மணி 25 நிமிடத்துக்கு ஒருமுறை தண்ணீர் ஏறும். அதனால் இன்றைக்கு ஏறிய நேரத்துக்கு நாளைக்கு ஏறாது, ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும். ஊருக்குரிய ஏற்ற அட்டவணையைப் பார்த்துக்கொண்டு போங்கள். வானத்தில் ஒரு துளி மேகம் இருக்காது, தெரு காய்ந்து கிடக்கும், திடீரென்று மழைநீர் வடிகாலின் மூடி வழியாகத் தண்ணீர் பொங்கி வரும். கடல் அலையாக வந்து கதவைத் தட்டுவது அபூர்வம். வடிகால் குழாய்க்குள் பின்பக்கமாக ஏறி வருவதுதான் வழக்கம்.

இது எனக்குப் படித்து வந்த ஞானமில்லை. தொழிலுக்கு வந்த நாலாவது வருடம் ஒரு வீட்டை முடித்துக் கொடுத்தேன். பின்சுவரில் தரையிலிருந்து முழங்கால் உயரத்துக்கு ஒரு பழுப்புக் கோடு இருந்தது. விற்கிறவர் 'செடிக்குத் தண்ணீர் விட்ட கறை' என்றார். எனக்குச் சந்தேகம் வந்தது, வாயைத் திறக்கவில்லை. மூன்று மாதம் கழித்து ஒரு பௌர்ணமி, ராத்திரி இரண்டு மணிக்கு போன் வந்தது. எடுத்தால் பேச்சே இல்லை. சலக் சலக்கென்று தண்ணீர்ச் சத்தம் மட்டும். வாங்கியவர் போனைத் தண்ணீர் அருகே பிடித்துக் காட்டியிருக்கிறார். ஓடினேன். கூடத்தில் கணுக்கால் தண்ணீர், நாற்காலிகள் கட்டில்மேல். அவர் திட்டவில்லை. துடைப்பம் ஒன்றை என் கையில் கொடுத்தார், அவ்வளவுதான். விடியும்வரை இரண்டு பேரும் தண்ணீர் தள்ளினோம். திட்டியிருந்தால் மறந்திருப்பேன்.

ஆகவே அம்மா, பக்கத்து வீட்டுக்காரர் செருப்பை எங்கே வைக்கிறார் என்று பாருங்கள். வாசலில் அலமாரி இருந்தும் மாடிப்படியின் மூன்றாவது படியில் வைத்தால் அதற்கு ஒரு கதை இருக்கும். போய்க் கேளுங்கள்.

கேள்வி: விளம்பரங்களில் 'கடல் பார்த்த வீடு', 'கடலுக்கு ஐந்து நிமிடம்' என்றெல்லாம் போடுகிறார்களே, இதற்கு ஏதாவது அளவு உண்டா?

பதில்: உண்டு, எழுதுகிறவரின் துணிச்சல்தான் அளவு. 'கடல் பார்த்த' என்றால் வீட்டுக்கும் தண்ணீருக்கும் நடுவே இன்னொரு கட்டடம் வராது என்று நீங்கள் நினைப்பீர்கள். முன்னால் இருக்கிற காலி மனை யாருடையது, அதில் எத்தனை மாடி கட்ட அனுமதி கிடைக்கும் என்று கேட்டபிறகு நினையுங்கள். 'கடல் தெரியும்' என்றால் எந்த அறையிலிருந்து, நின்றா உட்கார்ந்தா என்று கேட்க வேண்டும். குளியலறை ஜன்னலில் குதிகாலை உயர்த்தினால் தெரிகிற கடலுக்கும் இதே வார்த்தைதான். 'ஐந்து நிமிடம்' நடையா வண்டியா என்று எழுதியிருக்க மாட்டார்கள். 'அமைதியான சூழல்' என்றால் சீசன் முடிந்ததும் தெருவில் ஒரு விளக்குக்கூட எரியாது என்று வைத்துக்கொள்ளுங்கள். 'சற்றே பராமரிப்பு தேவை' என்பதற்கு நான் விளக்கம் சொல்ல மாட்டேன், எனக்கும் நாலு பேரிடம் தொழில் நடக்க வேண்டும்.

கேள்வி: கடலோரத்தில் பழைய வீடு வாங்க இருக்கிறேன். புதிதாக வெள்ளையடித்திருக்கிறார்கள். எதை நம்புவது?

பதில்: புது வெள்ளையை நம்பாதீர்கள், சத்தத்தை நம்புங்கள். என் சட்டைப்பையில் எப்போதும் ஒரு திருப்புளி இருக்கும், மரப்பிடி போட்டது. அந்தப் பிடியால் தட்டிப் பார்ப்பேன். எங்கே? பால்கனியின் அடிப்பக்கம், ஜன்னலுக்கு மேலே இருக்கிற சன்ஷேட் விளிம்பு, தூணின் மூலைகள், அதிலும் கடலைப் பார்த்த பக்கம். நல்ல கான்கிரீட் 'டண்' என்று கெட்டியாகச் சொல்லும். உள்ளே பிரிந்துவிட்ட கான்கிரீட் 'டொப்' என்று வெற்றுப் பெட்டி போலச் சொல்லும். ஒருமுறை கேட்டுவிட்டால் ஜென்மத்துக்கும் மறக்காது.

விஷயம் இதுதான். கடல்நீரில் கிட்டத்தட்ட 3.5 சதவீதம் உப்பு. அது சாரலாகக் காற்றில் ஏறி வந்து சுவரில் படிந்து, மெல்ல மெல்லக் கான்கிரீட்டுக்குள் இறங்குகிறது. நல்ல கான்கிரீட் தனக்குள் இருக்கிற கம்பியின்மேல் ஒரு மெல்லிய காப்பு போட்டு வைத்திருக்கும். உப்பில் இருக்கிற குளோரைடு அந்தக் காப்பை உடைக்கிறது. அப்புறம் கம்பி துருப்பிடிக்கும். துரு வந்தால் இரும்பு தேய்ந்து சுருங்கும் என்று பலர் நினைக்கிறார்கள். அது ஊதும். துருவின் வகையைப் பொறுத்து பழைய பருமனைப்போல இரண்டிலிருந்து ஆறு மடங்குவரை இடம் கேட்கும். உள்ளேயிருந்து அப்படித் தள்ளும்போது மேலிருக்கிற கான்கிரீட் கம்பி ஓடுகிற கோட்டிலேயே விரியும். பூசிவிட்டு வெள்ளையடித்தால் இரண்டு மழைக்காலம் தாங்கும். அதே கோட்டில் மயிர்க்கோடு மாதிரி விரிசலும் தேன்நிறக் கசிவும் திரும்ப வரும். வீடு கட்டும்போது கடல்மணலைக் கழுவாமல் கலந்திருந்தால் உப்பு வெளியிலிருந்து வரவே வேண்டாம், உள்ளேயே குடியிருக்கும்.

கைப்பிடிக் கம்பிகளை 'எஸ்.எஸ்.', அதாவது துருப்பிடிக்காத எஃகு, என்று பெருமையாகச் சொல்வார்கள். எந்தத் தரம் என்று கேளுங்கள். 304 என்றால் கடற்காற்றில் கொஞ்ச நாளில் பழுப்புப் புள்ளி விழும். 316-இல் மாலிப்டினம் என்ற உலோகம் கலந்திருப்பதால் உப்பை அதிகம் தாங்கும். அதையும் அவ்வப்போது நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். ஏசியின் வெளிப்பெட்டியைக் கடலைப் பார்த்து மாட்டியிருக்கிறார்களா என்றும் பாருங்கள். மாட்டியிருந்தால் அதன் மெல்லிய தகடுகள் விரல் பட்டாலே பொடியாக உதிரும்.

அடுக்குமாடி என்றால் ஒரு வேலை கூடுதல். குடியிருப்போர் சங்கத்தின் கடந்த சில வருடக் கூட்டக் குறிப்புகளைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். அமெரிக்காவில் ஃபுளோரிடா கடற்கரையில் சர்ஃப்சைடு என்ற இடத்தில் 1981-இல் கட்டிய 12 மாடிக் குடியிருப்பின் ஒரு பகுதி 2021 ஜூன் 24 அன்று பின்னிரவில் சரிந்து 98 பேர் இறந்தார்கள். நீச்சல்குளத் தளத்துக்குக் கீழே தண்ணீர் இறங்காமல் தடுக்கும் அடுக்கு கெட்டு, கான்கிரீட் பெரிதும் பழுதாகியிருக்கிறது என்று 2018-லேயே ஒரு பொறியாளர் அறிக்கை கொடுத்திருந்தார். செலவைப் பற்றிச் சங்கத்தில் நெடுநாள் பேச்சு நடந்துகொண்டிருந்தது. கட்டடம் ஏன் விழுந்தது என்று தீர்ப்புச் சொல்வது பொறியாளர்கள் வேலை. கூட்டக் குறிப்பில் ஒரே பழுது மூன்று வருடமாகத் 'தள்ளிவைக்கப்பட்டது' என்று இருந்தால் வாங்குகிறவரிடம் அந்தப் பக்கத்தைப் பிரித்துக் காட்டுவது என் வேலை.

கேள்வி: நேராகவே கேட்கிறேன். தரகர் யாருக்காக உழைக்கிறார், விற்கிறவருக்கா, வாங்குகிறவருக்கா, தனக்கா?
(பட்டுத் தெளிந்தவர்)

பதில்: கோபத்தில் கேட்டாலும் நியாயமான கேள்வி. கணக்கைப் போட்டுப் பாருங்கள். உங்கள் வீட்டை இன்னும் ஒரு மாதம் பொறுத்து விற்றால் நூற்றுக்கு நாலு கூடக் கிடைக்கும் என்று வையுங்கள். அந்த நாலும் உங்களுக்குப் பெரிய தொகை. எனக்கு அந்த நாலில் என் சதவீதம்தான், அது பெட்ரோலுக்குக்கூடப் போதாது. ஆனால் அந்த ஒரு மாதம் விளம்பரம், அலைச்சல், சாவி, போன் எல்லாம் என் தலையில். அதனால் தரகன் வாய் 'இந்த விலைக்கு விட்டுடுங்க, நல்ல பார்ட்டி' என்றுதான் தானாக நகரும்.

இதை யாரோ அளந்தே விட்டார்கள். ஸ்டீவன் லெவிட், சாட் சைவர்சன் என்ற இரண்டு பொருளியலாளர்கள் சிகாகோ பகுதியில் ஏறத்தாழ ஒரு லட்சம் வீட்டு விற்பனையை ஆராய்ந்து 2008-இல் வெளியிட்டார்கள். தரகர்கள் தங்கள் சொந்த வீட்டை விற்கும்போது, மற்றவர் வீட்டை விற்பதைவிட சராசரியாக ஒன்பதரை நாள் கூடக் காத்திருந்தார்கள், 3.7 சதவீதம் கூட விலை வாங்கினார்கள். என் சகதரகர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். 'இதற்கு எதற்கு ஆராய்ச்சி, என்னைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனே' என்றார்.

நானும் விதிவிலக்கில்லை. என் அக்கா வீட்டை விற்றபோது நாலு மாதம் பிடிவாதமாக இருந்தேன். அதே தெருவில் வேறொருவர் வீட்டை மூன்று வாரத்தில் முடித்துக் கொடுத்துவிட்டு 'சீக்கிரம் முடிந்தது பாருங்கள்' என்று பெருமையடித்தேன். அவர் எனக்கு இனிப்புக்கூடக் கொடுத்தார். இன்றைக்கும் அந்த வழியாகப் போனால் கொஞ்சம் வேகமாக நடப்பேன்.

ஆகவே உங்கள் தரகரிடம் இப்படிக் கேளுங்கள்: 'இது உங்கள் வீடாக இருந்தால் இந்த விலைக்கு விடுவீர்களா?' என்ன பதில் சொல்கிறார் என்பதைவிட, எவ்வளவு நேரம் கழித்துச் சொல்கிறார் என்று கவனியுங்கள்.

கேள்வி: தாத்தா காலத்து மனை. பத்திரத்தில் உள்ள நீளத்தில் இப்போது பாதி தண்ணீருக்குள் இருக்கிறது. பத்திரம் கையில் இருக்கும்வரை நிலம் எங்களுடையதுதானே?

பதில்: உங்கள் நாட்டுச் சட்டம் தெரிந்த வக்கீலிடம் இதைக் காட்டியே ஆக வேண்டும். ஆனால் போவதற்கு முன்னால் ஒரு ஆறுதலற்ற செய்தி: கடற்கரை யாருக்கும் தனிச்சொத்தில்லை என்ற எண்ணம் ரொம்பப் பழையது. கி.பி. 533-இல் கிழக்கு ரோமப் பேரரசர் ஜஸ்டினியன் வெளியிட்ட சட்டநூலிலேயே காற்று, ஓடும் நீர், கடல், கடற்கரை ஆகியவை இயற்கையிலேயே எல்லாருக்கும் பொது என்று இருக்கிறது. கரை எதுவரை என்பதற்கும் அளவு சொன்னார்கள்: குளிர்காலத்தின் பெரிய அலை எட்டுகிற இடம்வரை. பல நாட்டுச் சட்டங்களில் இந்தக் குரல் இன்றும் கேட்கிறது.

ஆங்கிலேயச் சட்ட மரபில் ஒரு நுணுக்கம் உண்டு. கண்ணுக்குத் தெரியாமல் வருடக்கணக்கில் மெல்ல மெல்லக் கரை நகர்ந்தால் எல்லையும் கூடவே நகரும். மண் சேர்ந்தால் லாபம், அரித்தால் நஷ்டம். ஒரே புயலில் திடீரென்று வெட்டிக்கொண்டு போனால் எல்லை பழைய இடத்திலேயே நிற்கும் என்பார்கள். ஆகவே 'எவ்வளவு போனது' என்பதோடு 'எப்படிப் போனது' என்பதும் கேள்வி. பழைய புகைப்படம், வரைபடம், வீட்டில் எடுத்த கல்யாண ஆல்பத்தில் பின்னணியில் தெரிகிற தென்னைகூட உதவும். தேடி எடுங்கள்.

மிச்சமிருக்கிற பாதியில் கட்டலாம் என்றும் அவசரப்படாதீர்கள். கரையிலிருந்து இவ்வளவு தூரம் விட்டுத்தான் கட்ட வேண்டும் என்ற கோடு பல நாடுகளில் உண்டு. நீங்கள் வாங்கியபோது இல்லாத கோடு நாளைக்கு வரலாம். அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்தில் டேவிட் லூகாஸ் என்பவர் 1986-இல் கடலோரத் தீவொன்றில் இரண்டு மனை வாங்கினார். 1988-இல் வந்த சட்டம் அங்கே வீடு கட்டவே கூடாது என்றது. வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம்வரை போய் 1992-இல் அவர் பக்கம் சாய்ந்தது. அந்த மனைகளை மாநில அரசே வாங்கிக்கொண்டு, பிறகு கட்டுகிறவருக்கே விற்றது! கடலோரத்தில் எனக்குச் சிரிப்பும் எரிச்சலும் ஒன்றாக வருகிற கதை இது. பக்கத்து மாநிலமான வட கரோலினாவில் ரொடாந்தே என்ற ஊரில் 2020 முதல் ஒன்றன்பின் ஒன்றாக வீடுகள் அலைக்குள் சரிந்துகொண்டிருக்கின்றன. எல்லாவற்றுக்கும் பத்திரம் உண்டு.

கேள்வி: வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் நன்றாகத்தான் இருக்கிறது என்றார்கள். குடித்தும் பார்த்தேன். வாங்கி ஒரு வருடத்துக்குள் உப்பாகிவிட்டதே, ஏமாற்றினார்களா?

பதில்: ஏமாற்றியிருக்க வேண்டியதில்லை. நீங்கள் எந்த மாதத்தில் குடித்துப் பார்த்தீர்கள்? மழை முடிந்த கையோடு என்றால் எல்லாக் கிணறும் இனிக்கும். கடலோரத்தில் மண்ணுக்குள் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீர்மேல் மிதந்துகொண்டிருக்கிறது. உப்பு நீர் கொஞ்சம் கனம், நல்ல நீர் கொஞ்சம் லேசு, வித்தியாசம் நாற்பதில் ஒரு பங்கு. அதனால் கடல்மட்டத்துக்கு மேலே ஒரு மீட்டர் நல்ல தண்ணீர் நின்றால், கணக்குப்படி கீழே நாற்பது மீட்டர் நல்ல தண்ணீர் இருக்கும். கேட்க நன்றாக இருக்கிறது. திருப்பிப் பாருங்கள்: நீங்களும் அக்கம்பக்கத்தாரும் மோட்டார் போட்டு மேலே ஒரு மீட்டர் இறக்கினால், நாளடைவில் கீழிருந்து உப்பு நாற்பது மீட்டர் ஏறப் பார்க்கும். பக்கத்தில் புதிதாக ஏதாவது விடுதி வந்து ஆழ்துளை போட்டதா என்று விசாரியுங்கள். இப்போதைக்கு மோட்டாரை ஒரே மூச்சில் ஓட்டாமல் விட்டு விட்டு ஓட்டுங்கள், மாடியில் விழுகிற மழைநீரை மண்ணுக்குள் விடுங்கள். கோடையின் கடைசியில் தண்ணீர் பார்க்காமல் கடலோரத்தில் கிணறுள்ள வீடு வாங்காதீர்கள் என்பதை இனி உங்களிடம் சொல்லிப் பிரயோஜனமில்லை, உங்கள் நண்பர்களிடம் சொல்லுங்கள்.

கேள்வி: விற்க வந்திருக்கும் வீட்டில் ஒருவர் தற்கொலை செய்துகொண்டார். வாங்குகிறவரிடம் சொல்ல வேண்டுமா? சொன்னால் பேய் வீடு என்று ஓடிவிடுவார்களே.

பதில்: சட்டம் இடத்துக்கு இடம் மாறும். நான் சொல்லிவிடுவேன். நாம் சொல்லாவிட்டால் குடிவந்த மூன்றாம் நாள் எதிர்வீட்டுப் பாட்டி சொல்வார், அதுவும் மசாலா சேர்த்து. நியூயார்க் மாநிலத்தில் நயாக் என்ற ஊரில் ஆற்றோரம் ஒரு வீடு. வீட்டுக்காரம்மாவே தன் வீட்டில் ஆவிகள் உலவுவதாகப் பத்திரிகைகளில் சொல்லியிருந்தார், விற்கும்போது மட்டும் சொல்லவில்லை. வாங்கியவர் வழக்குப் போட்டார். 1991-இல் நீதிமன்றம், சட்டத்தின் பார்வையில் அந்த வீடு பேய் வீடுதான் என்று சொல்லி, ஒப்பந்தத்திலிருந்து விலக அவருக்கு வழிவிட்டது. பேய் இருக்கிறதா என்பதல்ல அங்கே பிரச்சினை, ஊருக்குச் சொன்னதை வாங்குகிறவருக்குச் சொன்னாயா என்பதுதான்.

கேள்வி: என் கணவர் கடலோர ஊரில் தரகர். மற்றவர்களுக்கு விடுமுறை வந்தால் இவருக்கு வேலை. ஞாயிற்றுக்கிழமை, பண்டிகை எதிலும் வீட்டில் இல்லை. சீசன் முடிந்தால் மூன்று மாதம் மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், அதைப் பார்க்க இன்னும் கஷ்டமாக இருக்கிறது.
(தரகரின் மனைவி)

பதில்: இந்தக் கடிதத்தை என் மனைவி எழுதினாளோ என்று கையெழுத்தை இரண்டு தடவை பார்த்தேன். சம்பளக்காரர்களுக்கு மாதம் பன்னிரண்டு. எங்களுக்கு ஐந்தோ ஆறோதான். வந்த கமிஷனைப் பன்னிரண்டால் வகுத்து வைக்கத் தெரியாதவன் சீசன் முடிந்ததும் கெட்ட விலைக்கு அவசரப்பட்டு முடிப்பான், பொய்யும் சொல்வான். என் வீட்டில் வகுப்பவள் அவள்தான். பணம் வந்த அன்றே பன்னிரண்டு கவரில் பிரித்துவிடுவாள். நான் ஜூலைக் கவரைத் திருடியது அவளுக்குத் தெரியும் என்பது எனக்கும் தெரியும்.

வேலையில்லாத மாதங்களில் அவரைச் சும்மா விடாதீர்கள் அம்மா. புயலுக்குப் பிறகு எந்தத் தெருவில் எவ்வளவு நேரம் தண்ணீர் நின்றது, எந்தச் சுவர் சாய்ந்தது என்று நடந்து பார்த்து எழுதிவரச் சொல்லுங்கள். சீசனில் விற்பதற்கு வேண்டிய உண்மையெல்லாம் அந்த மாதங்களில்தான் தெருவில் கிடக்கிறது. ஞாயிற்றுக்கிழமைக்கு என்னிடம் மருந்தில்லை. எங்கள் வீட்டில் புதன்கிழமையை ஞாயிறு என்று வைத்துக்கொண்டோம். அன்றைக்கு என் போன் பீரோவுக்குள். சாவி அவளிடம், அது மட்டும் துருப்பிடிப்பதே இல்லை.

கேள்வி: கடல்மட்டம் ஏறுகிறது என்கிறார்கள். 30 வருடக் கடனில் கடலோர வீடு வாங்கலாமா?

பதில்: 1901-இலிருந்து 2018-க்குள் உலகச் சராசரியில் ஏறத்தாழ 20 சென்டிமீட்டர் ஏறியிருக்கிறது. அதில் 2006-க்குப் பிந்தைய வேகம் வருடத்துக்கு 3.7 மில்லிமீட்டர். இது ஐ.நா.வின் பருவநிலைக் குழு 2021-இல் சொன்ன கணக்கு. கேட்க ஒன்றுமில்லாதது போலிருக்கும். ஆனால் தட்டையான கரையில் ஒரு சாண் ஏற்றம், முன்பு வருடத்துக்கு ஒருமுறை வடிகாலில் வந்த தண்ணீரை மாதத்துக்கு ஒருமுறை வரவைக்கும். வாங்கலாமா என்றால் மேட்டைப் பார்த்து வாங்குங்கள். காப்பீட்டுக்காரர் எழுதித் தருகிறாரா, என்ன பிரீமியம் கேட்கிறார் என்று டோக்கனுக்கு முன்னாலேயே விசாரியுங்கள். தரகனுக்குக் கடல்மீது காதல் இருக்கலாம், காப்பீட்டுக்காரருக்கு இருக்காது.

கேள்வி: இத்தனை பேருக்குக் கடல் பார்த்த வீடு வாங்கித் தந்தீர்களே, உங்கள் வீடு எங்கே?

பதில்: கரையிலிருந்து இரண்டு கிலோமீட்டர் உள்ளே, ஒரு மேட்டில். வாசலில் கல்படி ஏழு. செருப்பு கீழ்ப்படியில்தான் கிடக்கும். மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய், இடது கையால் குழாயைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தால், இரண்டு கட்டடத்துக்கு நடுவே விரல் அகலத்துக்கு நீலமாக ஒன்று மினுங்கும். என்றைக்காவது விற்க நேர்ந்தால் விளம்பரத்தில் 'கடல் தெரியும்' என்றுதான் போடுவேன். வருகிறவரை மாலை ஐந்தரைக்கு வரச் சொல்லி, குழாயை எங்கே பிடிக்க வேண்டும் என்றும் காட்டிக்கொடுப்பேன்.